ஊசி ஆறு மணிக்கு, சாப்பாடு ஏழரைக்கு: ஒரு காற்புண் நோயாளியின் பத்து நாட்கள்

ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். இடம், திருகோணமலை மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலையின் ஆண்கள் வார்ட். அங்கே வேலை செய்யும் வைத்தியர்களில் நானும் ஒருவன். நடந்த பிழையில் எனக்கும் பங்குண்டு என்பதால் 'அவர்கள்' என்று எழுதாமல் 'நாங்கள்' என்றே எழுதுகிறேன்.

வந்தபோது

வயது 61, எடை 54 கிலோ. நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுப்பவர். பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு). அது கச்சான் காற்று அடிக்கும் காலம். மத்தியானத்தில் அந்தக் கடற்கரை மணல் எப்படிச் சுடும் என்று வெறுங்காலோடு நடந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இவருக்கு மட்டும் சுடவில்லை.

வலது காற்பெருவிரலின் கீழே, நடக்கும்போது முழுப் பாரமும் விழுகிற இடத்தில் கொப்புளம் போட்டு, உடைந்து, புண்ணாகியிருந்தது. அதை முதலில் கண்டது அவர் அல்ல, மனைவி. காலையில் பாய் சுருட்டும்போது ஈரக் கறை தெரிந்திருக்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி ஒன்பது நாள் சமாளித்திருக்கிறார்கள். பத்தாம் நாள் காய்ச்சலும் நாற்றமும் வந்த பிறகுதான் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். புண்ணைக் கழுவும்போது உள்ளேயிருந்து நகக்கண் அளவு சிப்பித் துண்டு ஒன்று வந்தது. "நோகேல்லையா ஐயா?" என்று கேட்டேன். "நோகிறதெண்டால் எப்பவோ வந்திருப்பன் டொக்டர்" என்றார்.

பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது ஒரு சாதாரணச் சோதனை. வலது பாதத்தில் பத்து இடம் தொட்டோம். இரண்டு இடத்தில்தான் உணர்வு இருந்தது. இடது பாதத்தில் நான்கு. ஆனால் இரண்டு கால்களிலும் நாடித் துடிப்பு நன்றாகக் கிடைத்தது. இரத்த ஓட்டம் கெடாமல் நரம்பு மட்டும் செத்த கால் அது, காப்பாற்றக்கூடிய கால். புண்ணுக்குள் விட்ட கம்பி எலும்பைத் தொடவில்லை. எக்ஸ்ரேயிலும் எலும்பு சுத்தமாக இருந்தது.

இரத்தத்தில் குளுக்கோஸ் டெசிலீற்றருக்கு 312 மில்லிகிராம். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 10.4 சதவீதம், அதாவது நாளாந்தச் சராசரி ஏறத்தாழ 250. காய்ச்சல் 38.4. கிரியேற்றினின் 1.9. அவருடைய வயதுக்கு இந்தக் கணக்கு, சிறுநீரகம் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம்தான் வேலை செய்கிறது என்று சொல்லும். இந்த 1.9 என்ற எண்ணை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டு, நுண்ணுயிர்க்கொல்லியின் அளவைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தினோம். இன்சுலின் அளவைத் தீர்மானிக்கும்போது அது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

மருந்து விபரம் கேட்டோம். "கிளினிக் மருந்து" என்றார். கிளினிக் கொப்பி வீட்டில். சரி, நாளைக்கு மனைவி கொண்டு வரட்டும் என்று விட்டுவிட்டு, கட்டிலில் தொங்கும் ரிக்கெட்டில், அதாவது நோயாளியின் குறிப்புத் தாளில், 'கிளினிக் மருந்து எடுக்கிறார்' என்று எழுதினோம். மூன்று சொல். எங்கள் ரிக்கெட்டுகளில் ஆகக் கூடுதலாக எழுதப்படுகிற, ஆகக் குறைவாகப் பயன்படுகிற வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

நுண்ணுயிர்க்கொல்லியாகக் கோ-அமோக்சிகிளேவ் நாளத்தில் போனது. சீனிக்கு, எங்கள் வார்டில் வழமையாகப் போடும் 30/70 கலவை இன்சுலின் காலையில் 16 அலகு, பின்னேரம் 8 அலகு. மூன்றாம் நாள் தியேட்டரில் வைத்துப் புண்ணின் அழுகிய தசையை வெட்டிச் சுத்தம் செய்வதாகத் திட்டம்.

இரண்டாம் நாள்

பதினொன்றரைக்குப் பார்த்த சீனி 84. 312 இல் வந்த மனிதர் ஒரே நாளில் 84! யாரோ அட்டவணையில் அதற்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம்கூடப் போட்டிருந்தார்கள்.

அந்த 84 சந்தோஷப்பட வேண்டிய எண் அல்ல. வார்டில் இருக்கும் சாதாரண நோயாளிக்கு 140 முதல் 180 வரை போதும். நூறுக்குக் கீழே வந்தாலே மருந்தின் அளவைத் திரும்பிப் பார்க்க வேண்டும். 2009 இல் வெளிவந்த நைஸ்-சுகர் ஆய்வு இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சை நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்குச் சீனியை 81 முதல் 108 வரை இறுக்கிப் பிடித்தார்கள். மற்றப் பாதிக்கு 180 வரை விட்டார்கள். இறுக்கிப் பிடித்த பக்கத்தில் இறந்தவர்கள் 27.5 சதவீதம், விட்ட பக்கத்தில் 24.9. தீவிர சிகிச்சைக்கும் பொது வார்டுக்கும் வித்தியாசம் உண்டுதான். ஆனாலும் 'எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது' என்ற எண்ணம் அதோடு போயிருக்க வேண்டும். எங்கள் வார்டில் போகவில்லை.

அன்று பின்னேரம் மனைவி பஸ்ஸில் இடியப்பமும் சொதியும் பாரை மீன் குழம்பும் கொண்டு வந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே ஐயா அதில் பாதியைச் சாப்பிட்டுவிட்டார். சீனி 231. மத்தியானத்து 84 ஐ இந்த 231 மறைத்துவிட்டது, அளவு அப்படியே இருந்தது. கிளினிக் கொப்பியும் வரவில்லை. கேட்டவருக்கும் மறந்துவிட்டது, கொண்டுவர வேண்டியவருக்கும் மறந்துவிட்டது.

மூன்றாம் நாள்

நள்ளிரவுக்குப் பிறகு வாயில் ஒன்றும் போட வேண்டாம் என்று கட்டிலில் பலகை தொங்கியது. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றுச் சீனி 204. இரவுத் தாதி 16 அலகு கலவை இன்சுலினைப் போட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. சாப்பாட்டை நிறுத்தச் சொன்னது சத்திரசிகிச்சைப் பக்கம். இன்சுலின் எழுதியது எங்கள் பக்கம். ஒன்று பலகையில், மற்றது அட்டவணையில். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டிய ஆள் யார் என்று யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை.

பத்து மணிக்கு தியேட்டர். ஒன்பதரைக்கு ஒரு அவசர சிசேரியன், அதற்குப் பின்னால் வீதி விபத்தில் அடிபட்ட ஒருவர். இவருடைய முறை தள்ளிப் போனது. ஆறு மணிக்குப் பிறகு அவருடைய சீனியை யாரும் பார்க்கவில்லை. ஏன் என்று பிறகு தேடியபோது கிடைத்த காரணம் சிரிப்பை வரவழைக்கும்: எங்கள் அட்டவணையில் இருந்த கட்டங்கள் எல்லாம் 'காலைச் சாப்பாட்டுக்கு முன்', 'மதியச் சாப்பாட்டுக்கு முன்', 'இரவுச் சாப்பாட்டுக்கு முன்'. சாப்பாடே இல்லாதவருக்குக் கட்டமும் இல்லை.

பதினொன்றே முக்காலுக்குப் பக்கத்துக் கட்டில்காரர் கூப்பிட்டார். ஐயா எழும்பி உட்கார்ந்து, சேலைன் குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். சட்டை தண்ணீரில் தோய்த்து எடுத்ததுபோல் நனைந்திருந்தது, கை நடுங்கியது. யாரையோ "கயித்தை விடாத, விடாதயடா" என்று ஏசிக்கொண்டிருந்தார். கரைவலை இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியது வேறொன்று, அதுவும் பிழையாக. கடற்தொழிலாளி, ஆண், வைத்தியசாலைக்கு வந்து மூன்றாம் நாள், வியர்வை, நடுக்கம், பிதற்றல். குடியை நிறுத்தியவருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் வருகிற குழப்பம் என்று முடிவு கட்டினோம். அதற்குக் கொடுக்கும் அமைதிப்படுத்தும் மாத்திரை குளோர்டயசெபொக்சைட் எழுதினேன். கையைக் கட்டலாமா என்று ஒருவர் கேட்டார்.

மாத்திரையைக் கொண்டு வந்த மிஸ், அதாவது தாதி, பயிற்சி முடித்து வந்து நான்கு மாதம். நீரிழிவு நோயாளி பிதற்றினால் முதலில் விரலைக் குத்து என்று படித்தது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. குத்தினார். 38.

குளுக்கோஸ் 54 க்குக் கீழே போனால் மூளைக்குப் போதாது. மாத்திரையைக் கொடுத்திருந்தால் ஐயா அமைதியாகியிருப்பார். நாங்களும் சரியாகிவிட்டது என்று நினைத்திருப்போம். அந்த அமைதி எங்கே போய் முடிந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

ஐம்பது சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 50 மில்லிலீற்றரை நாளத்தில் மெல்ல ஏற்றினோம். ஐந்து நிமிடத்தில் கண்ணை விரித்து வார்டைப் பார்த்தார். பதினைந்தாவது நிமிடம் 148. சீனி போட்ட பிளேன்டீயும் மாரி பிஸ்கட்டும் கொடுத்து, தியேட்டரை ரத்துச் செய்து, மதியச் சோறு வரும்வரை பக்கத்தில் நின்றேன். பார்க்க வந்த மனைவியிடம் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இவர் குடியை விட்டுப் பதினொரு வருசம் டொக்டர். மகள்ட கலியாணத்தோட விட்டது." எங்கள் ரிக்கெட்டில் மதுவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கேட்கவேயில்லை. தொழிலைப் பார்த்து நாங்களே நிரப்பிக்கொண்டோம்.

பையில் இருந்தது

கதை இதோடு முடிந்திருந்தால் 'ஊசி போட்டு, சாப்பாடு நிறுத்தி' என்று ஒரு வரியில் எழுதி மறந்திருப்போம். சோறு சாப்பிட்டு இரண்டரை மணி நேரம் கழித்து, மூன்று மணிக்கு, சீனி மறுபடியும் 58.

கலவை இன்சுலினில் எழுபது சதவீதம் மெல்ல வேலை செய்யும் பகுதி. காலையில் போட்டால் நண்பகலிலும் பின்னேரத்திலும்தான் அது உச்சத்துக்கு வரும். அதனால்தான் இது என்று முதலில் எங்களுக்கே சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஆனால் ஒரு தட்டுச் சோற்றுக்குப் பிறகும் 58? அதே மிஸ்தான் கட்டிலோரத்து அலுமாரியைத் திறந்தார். சவர்க்காரப் பெட்டிக்கும் வெற்றிலைக்கும் நடுவில் ஒரு ஷொப்பிங் பை. பைக்குள் சீனியைக் குறைக்கும் மாத்திரை கிளிபென்கிளமைட் ஐந்து மில்லிகிராம், இரண்டு அட்டை. ஒன்றில் பாதி காலி.

"இதையும் போடுறீங்களா ஐயா?"

"காலமயும் பின்னேரமும் போடுறனான்."

"இண்டைக்கு? ஒண்டும் சாப்பிட வேண்டாமெண்டு சொன்னதெல்லே?"

"மருந்து சாப்பாடில்லையே மிஸ். ஒரு மிடறு தண்ணியோடதான் விழுங்கினனான்."

அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. வீட்டு மருந்தை நிறுத்துங்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நாங்கள் ஊசி போடத் தொடங்கினோம். ஊசி வேறு, மாத்திரை வேறு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மாத்திரை வந்த கதை இன்னும் நீளம். கிளினிக்கில் அவருக்குக் கொடுத்துவந்த சீனி மாத்திரைகள் கிளிக்கிளசைட்டும் மெற்போமினும். 2022 இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு. கிளிக்கிளசைட் கிடைக்காத ஒரு மாதம் பழைய துண்டு ஒன்றைக் காட்டி வெளியே பாமசியில் கிளிபென்கிளமைட் வாங்கியிருக்கிறார். 'நல்லா வேலை செய்யுது' என்று பிறகும் விடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே இந்த மாத்திரை 60 வயதுக்கு மேல் பொருத்தமில்லை என்று குறிக்கிறது. காரணம் இவரிடமே இருந்தது: இந்த மருந்து ஈரலில் உடைந்து உண்டாகும் பொருட்களும் சீனியைக் குறைக்கும், அவற்றில் ஏறத்தாழப் பாதி வெளியேறுவது சிறுநீரகத்தால். சிறுநீரகம் பின்வாங்கினால் ஒரு மாத்திரையின் வேலை ஒரு நாளையும் தாண்டி நீளும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. இந்த வகை மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. நாங்கள் குளுக்கோஸ் ஏற்ற ஏற்ற, தூண்டப்பட்ட கணையம் அதற்குப் பதிலாக இன்னும் இன்சுலினைக் கொட்டும். ஏற்றினால் ஏறும், பிறகு விழும். இரண்டாவது தடவை தாழ்ந்து வந்த அந்த 58 இன் பொருள் அதுதான்.

அன்றிரவு முழுவதும் பத்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சொட்டு, முதலில் மணிக்கு ஒரு தடவை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விரலில் குத்து. விடியற்காலை நான்கு மணிக்கு ஒருமுறை 69. மறுநாள் மதியம்தான் சொட்டை நிறுத்த முடிந்தது.

எங்கே பிசகியது

இன்சுலின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 24 அலகு, 54 கிலோ, கிலோவுக்கு 0.44. சிறுநீரகம் நல்ல நிலையில் உள்ள நடுவயதுக்காரருக்கு இது நியாயமான தொடக்கம். சிறுநீரகம் பாதித்தவருக்கு 0.2 முதல் 0.3 வரை, அதாவது 11 முதல் 16 அலகு. உடம்பிலிருந்து இன்சுலினை அகற்றும் வேலையில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு என்பது மருத்துவபீடத்தில் எல்லோரும் படித்ததுதான்.

அடுத்தது, கலவை இன்சுலின். வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறவருக்கு அது வசதி, நாளுக்கு இரண்டு ஊசி போதும். வைத்தியசாலையில் சாப்பாடு எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. 2015 இல் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்று இதே 30/70 கலவையை, நாள் முழுக்க மெல்ல வேலை செய்யும் அடிப்படை இன்சுலினோடு வேளைக்கு வேளை குறுகிய நேரம் வேலை செய்யும் இன்சுலின் போடும் முறையோடு ஒப்பிட்டது. சீனிக் கட்டுப்பாடு இரண்டிலும் ஒன்றுபோலத்தான். ஆனால் சீனி தாழ்ந்தவர்கள் கலவைப் பக்கம் 64 சதவீதம், மற்றப் பக்கம் 24. ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். தனித்தனியாகப் போட்டால், சாப்பாடு நின்ற வேளைக்கு உரிய ஊசியை மட்டும் நிறுத்தலாம். கலவையில் பிரித்தெடுக்க முடியாது.

இதற்கு மாற்று, பழைய 'ஏறினால் போடு, ஏறாவிட்டால் விடு' முறை அல்ல. நேரத்துக்கு நேரம் வந்த எண்ணை மட்டும் பார்த்துக் குறுகிய இன்சுலின் போடும் அந்த ஸ்லைடிங் ஸ்கேல் பழக்கம் ஓடிப்போன மாட்டைத் துரத்துவது மாதிரி. 2007 இல் அமெரிக்காவில் 130 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் ஸ்லைடிங் ஸ்கேல் முறையில் 140 க்குக் கீழே கொண்டுவர முடிந்தது 38 சதவீதம் பேரைத்தான். அடிப்படை இன்சுலின் முறையில் 66. நான்கு வருடம் கழித்துச் சத்திரசிகிச்சை நோயாளிகளில் பார்த்தபோது, புண் பழுப்பது, நிமோனியா போன்ற சிக்கல்கள் எல்லாம் சேர்ந்து ஸ்லைடிங் ஸ்கேல் பக்கம் 24.3 சதவீதம், மற்றப் பக்கம் 8.6. நாளுக்கு நான்கு ஊசி, சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் நான்கு, ஒரு வார்டுக்கு இரவில் இரண்டு தாதிகள் என்று வைத்துப் பார்த்தால் எங்களுக்கு அது சுலபம் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் முடியாது என்பதற்காக ஒருவருக்கும் செய்யாமல் விடுவது என்ன நியாயம்?

இன்னொன்று எனக்கு நெடுநாளாக உறுத்துவது. காலை ஊசி ஏன் ஆறு மணிக்கு? இரவுத் தாதியின் கடமை ஏழு மணிக்கு முடிகிறது. கையளிக்கும் முன் ஊசி எல்லாம் முடிந்திருக்க வேண்டும். சாப்பாட்டு வண்டி வருவது ஏழரைக்கு, சில நாள் எட்டுக்கு. கலவை இன்சுலின் போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று நோயாளிக்கு அறிவுரை சொல்லி அனுப்புகிற அதே வார்டில், உள்ளே இருக்கிறவர் தினமும் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிறார். ஆறு மணி என்பது நோயாளியின் உடம்பு கேட்ட நேரம் அல்ல, கடமைப் பட்டியல் கேட்ட நேரம். இலங்கையில் 2018, 2019 இல் எடுத்த தேசிய ஆய்வின்படி வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு. வேறு நோய்க்காக வருகிறவர்களையும் சேர்த்தால் எங்கள் வார்டில் மூன்று கட்டிலுக்கு ஒன்றாவது இருக்கும். ஆக, இது ஒரு ஐயாவின் பிரச்சினை அல்ல.

போகும்போது

ஐந்தாம் நாள் புண்ணைச் சுத்தம் செய்தார்கள், விரல் தப்பியது. இந்தமுறை அன்றைய பட்டியலில் முதல் ஆள் இவர். காலை ஊசி நிறுத்தப்பட்டது. மணிக்கு ஒரு தடவை சீனி பார்த்தோம். ஆறு நாளில் போயிருக்க வேண்டியவர் பத்தாம் நாள் ரிக்கெட் வெட்டிப் போனார்.

கிளிபென்கிளமைட்டை நிறுத்தினோம். "காசு குடுத்து வாங்கினது டொக்டர்" என்று மனைவி பையைத் தயக்கத்தோடுதான் தந்தார். இரவில் மட்டும் மெல்ல வேலை செய்யும் என்.பி.எச் இன்சுலின் பத்து அலகு, மெற்போமின் 500 மில்லிகிராம் இரண்டு வேளை. அவருடைய சிறுநீரகத்துக்கு மெற்போமின் நாளுக்கு 1000 தான் உச்சம். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மண் முட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, பானைக்குள் குப்பியை வைக்கச் சொன்னோம். சீனி தாழ்ந்தால் மூன்று தேக்கரண்டி சீனி, கொஞ்சத் தண்ணீரில். பதினைந்து நிமிடத்தில் சரிவராவிட்டால் இன்னொரு தடவை. சீனிப் பையைச் சாரத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "கடல் தண்ணியில கரைஞ்சு போம்" என்றார். அப்புறம் மூடி இறுகிய மருந்துப் போத்தல் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம். காலுக்கு கன்வஸ் சப்பாத்து. மத்தியானத்தில் கோயில் வெளிவீதி சுற்றுவதை விட்டு விடியற்காலையில் போகச் சொன்னோம். இரவில் டோர்ச் அடித்துப் பாதத்தைப் பார்க்கும் பொறுப்பை மனைவி தானாகவே எடுத்துக்கொண்டார். கறையைக் கண்டவரும் அவர்தானே.

வார்டில் மாறியவை சின்ன விஷயங்கள். 'வாயில் ஒன்றும் வேண்டாம்' பலகையின் பின்புறம் 'இன்சுலின் என்ன செய்வது?' என்று ஒரு வெற்றுக் கோடு. அதை நிரப்பாமல் பலகையைத் தொங்கவிட முடியாது. அட்டவணையில் சாப்பாட்டுப் பெயர்களுக்குப் பதிலாக மணி. வருகிற அன்றே வீட்டு மருந்துப் பையை வாங்கி, பெயர் எழுதித் தாதிகளின் அலுமாரியில் வைப்பது. காலை ஊசியைச் சாப்பாட்டு வண்டி வந்த பிறகு போடுவது பற்றி இரண்டு கூட்டம் நடந்தது. பகல் தாதிகள், கையளிக்கும் நேரத்தில் இதுவும் எங்கள் தலையிலா என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. இப்போதைக்கு கலவை இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும் ஏழரைக்குப் போடுகிறோம். மற்றவர்களுக்கு இன்னும் ஆறு மணிதான்.

பதினோராவது கிழமை புண் மூடியது. மூன்றாம் மாத எச்.பி.ஏ.1சி 8.2, இடையில் ஒருமுறைகூடச் சீனி தாழவில்லை என்றார், போத்தலைத் திறக்கவே இல்லையாம். கரைவலைக்குச் சப்பாத்தோடு போனால் பொடியன்கள் 'துரை' என்று பகிடி பண்ணுகிறார்கள் என்று முறைப்பட்டார். பாதத்தைப் பார்க்க வேண்டும், கழற்றுங்கள் என்றேன். வலது சப்பாத்தைக் கழற்றி, பழக்கத்தில் கட்டில் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். மணலோடு சேர்ந்து ஒரு சிப்பித் துண்டு நிலத்தில் விழுந்தது. எப்போது உள்ளே போனது என்று அவருக்குத் தெரியவில்லை.